சாப்பாட்டு மேசை: பலகை வாங்குமுன் நாற்காலியை அளந்து பாருங்கள்

2024 ஆகஸ்ட் 3, மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகரின் கேள்வி

வணக்கம் அண்ணா. தீபாவளிக்குள் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசையை நானே செய்யலாம் என்றிருக்கிறேன். ஐந்தடிக்கு மூன்றடிப் பலகை, 30 அங்குல உயரம், நான்கு மூலையிலும் நான்கு அங்குலக் கால். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம் என்கிறார் மரக்கடைக்காரர். செங்கால் மரம் நல்லதா, மெராந்தி போதுமா?

2024 ஆகஸ்ட் 3, இரவு

மரம் இருக்கட்டும், தம்பி. நாற்காலி எது? அதைச் சொல்லாமல் மேசையின் உயரத்தைப் பேசிப் பயனில்லை.

கடைக்காரர்கள் மேசையைத் தரையிலிருந்து அளப்பார்கள். சாப்பிட உட்காருகிறவருக்கு இருக்கைதான் கணக்கு. இருக்கைக்கும் மேசையின் மேல்பரப்புக்கும் நடுவே 28 முதல் 30 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குக் கை இயல்பாக வந்து படியும். கடையில் கிடைக்கும் நாற்காலிகள் 43 முதல் 46 செ.மீ. உயரம். மேசைகள் 74, 75 என்று வருவது அதனால்தான். நீங்கள் சொல்லும் 30 அங்குலம் என்பது 76 செ.மீ. நாற்காலி 46 என்றால் அது பொருந்தும். 42 என்றால் சாப்பிடுகிறவர் தோளைத் தூக்கியபடியே சாப்பிட வேண்டிவரும்.

மெத்தை வைத்த நாற்காலியாக இருந்தால் யாரையாவது உட்காரவைத்து, மெத்தை அமுங்கிய பிறகு அளந்து எழுதுங்கள்.

2024 ஆகஸ்ட் 4

ஆறு பேர் கணக்குக்கு வருகிறேன். ஐந்தடி என்றால் 152 செ.மீ. இரண்டு ஓரத்துக் கால்களும் சேர்ந்து இருபதை விழுங்கிவிடும். மிச்சம் 132. மூன்று பேரை ஒரு பக்கம் உட்காரவைத்தால் ஆளுக்கு 44. வளர்ந்த ஆணின் தோள் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். முழங்கைக்கு எங்கே போவது? ஒருவருக்குக் குறைந்தது 60 வேண்டும், 65 இருந்தால் நிம்மதி. ஆகவே நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு பேர், குறுக்குப் பக்கங்களில் ஒவ்வொருவர். எண்ணிக்கை ஆறு வந்துவிட்டது. ஆனால் குறுக்கே உட்கார்ந்தவரின் தட்டு மேசைக்குள் 35 செ.மீ. நுழையும். பக்கத்தில் இருப்பவரின் தட்டுக்கும் அதே இடம்தான். ஐந்தடியில் மூலைக்கு மூலை இடிபடும்.

அதுவும் தட்டு என்றால் சமாளிக்கலாம். தீபாவளிக்கு என்கிறீர்கள், அப்படியானால் இலை போடுவீர்கள். தலைவாழை இலை அகலவாட்டில் 50 செ.மீ.க்குக் குறையாது, உள்நோக்கி 28, 30 பிடிக்கும். எதிரெதிரே இரண்டு இலை போட்டால் அறுபது போய்விடும். சோற்றுப் பாத்திரமும் குழம்புச் சட்டியும் ரசமும் வைக்க நடுவில் இன்னொரு முப்பத்தைந்து. மூன்றடி அகலம் போதாது, 97 செ.மீ. வையுங்கள். நீளம் ஆறடி.

அறையையும் அளந்துவிடுங்கள். மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 75 செ.மீ. இருந்தால்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ முடியும். பரிமாறுகிறவர் பின்னால் நடந்துபோக 90 வேண்டும். பரிமாற வழியில்லாத மேசை நம் வீட்டுக்கு ஆகாது.

2024 ஆகஸ்ட் 6

அறை அகலம் பத்தடி, நாற்காலி 44 செ.மீ. என்று தம்பி எழுதியிருக்கிறார். அதோடு முக்கியமான இரண்டு செய்திகள்: அவருடைய அம்மா நன்றாகக் குள்ளம், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் முழுதாகப் படாது. மாமனார் சக்கர நாற்காலியில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்.

இவர்கள் இருவரும்தான் உங்கள் மேசையின் அளவு, தம்பி. நீங்களும் உங்கள் மனைவியும் எந்த மேசையிலும் சாப்பிட்டுவிடுவீர்கள்.

அம்மா விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டில் முன்பு கடையில் வாங்கிய மேசை இருந்தது, 76 செ.மீ. என் அம்மா அதில் ரசம் சோறு சாப்பிடும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பலகை அவருடைய நெஞ்சுக்கு அருகில் இருந்தது. கையை இலையிலிருந்து வாய்க்குக் கொண்டுபோக முழங்கையை வெளிப்பக்கமாகத் தூக்க வேண்டியிருந்தது. முழங்கை மணிக்கட்டைவிடக் கீழே இருந்ததால் ரசம் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டைத் தாண்டி, வளையலைக் கடந்து, முன்கை நெடுக ஓடி முழங்கையில் சொட்டியது. அம்மா இடது கையால் புடவைத் தலைப்பைப் பிடித்துத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முன்பும் அப்படித்தான் சாப்பிட்டிருப்பார்.

கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு மேசை இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்திருந்தால் தெரியாது, கரண்டியின் நீளம் அதைச் சரிக்கட்டிவிடும். கையால் சாப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு கவளத்திலும் தெரியும். ஆகவே 76 வேண்டாம். 74க்கு வாருங்கள்.

அம்மாவுக்காக மேசையை இன்னும் தாழ்த்தலாமா என்று கேட்பீர்கள். அவருக்கு ஏற்ற இருக்கை 40 செ.மீ. அதற்கு மேசை 69, 70தான் வரும், அப்போது மற்றவர்கள் குனிந்து சாப்பிட வேண்டும். நாற்காலி 44ஆகவே இருக்கட்டும். காலடியில் நான்கைந்து செ.மீ. உயரத்தில், நழுவாதபடி அடியில் ரப்பர் ஒட்டிய ஒரு பலகை போடுங்கள். கால் ஊன்றினால்தான் தொடையின் பின்பக்கம் நாற்காலி விளிம்பில் அழுந்தாமல் இருக்கும், இடுப்பும் நிமிரும்.

2024 ஆகஸ்ட் 11

மேசைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பலகைக்குக் கீழே கால்களை இணைத்து நான்கு பக்கமும் ஒரு சட்டம் ஓடும் அல்லவா? தொடை இடிப்பது அதில்தான். இருக்கையிலிருந்து அந்தச் சட்டத்தின் அடிவிளிம்பு வரை குறைந்தது 17, 18 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். தொடை பருத்தவருக்கு இருபது.

தம்பியின் அளவிலேயே பார்ப்போம். மேசை 74, பலகை 3, சட்டம் நான்கு அங்குலம், அதாவது 10. அடிவிளிம்பு தரையிலிருந்து 61 செ.மீ. உயரத்தில் நிற்கும். இருக்கை 44. நடுவே 17. உட்காரலாம், ஆனால் கால்மேல் கால் போட முடியாது. சட்டத்தை மூன்று அங்குலமாக்கினால் 19க்கு மேல் கிடைக்கும். சட்டம் மெலிந்தால் மேசை ஆடுமே என்று தச்சர்கள் சொல்வது நியாயமான கவலை. துளையிட்டு முளை செருகி இறுக்கிய இணைப்பும், கீழே ஒரு குறுக்குச் சட்டமும் இருந்தால் ஆடாது. வெறும் திருகாணியை நம்பினால் ஆடத்தான் செய்யும்.

சட்டத்தைப் பலகை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளியும் வைக்கலாம். தொடையின் தடித்த பகுதிக்கு அது பெரிய விடுதலை.

2024 ஆகஸ்ட் 12

விட்டுப்போனது: கைப்பிடி வைத்த நாற்காலி வாங்குவதாக இருந்தால் கைப்பிடியின் உயரத்தையும் அளக்கவும். பல நாற்காலிகளில் அது 65க்கு மேலே இருக்கும். சட்டத்துக்கு அடியில் நுழையாது, நாற்காலி எப்போதும் அரை மீட்டர் வெளியே நின்று வழியை அடைக்கும்.

2024 ஆகஸ்ட் 18

மாமனாரின் சக்கர நாற்காலி. முழங்கால் உள்ளே போவதற்குத் தரையிலிருந்து 68.5 செ.மீ. உயரம், 76 அகலம், 48 ஆழம் காலியாக இருக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான 1991ஆம் ஆண்டின் அமெரிக்க அணுகல் விதிகளில் இருந்த அளவு. 27, 30, 19 அங்குலம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுக்கும் இது நல்ல அளவுகோல். மேசை 74, பலகை 3 என்றால் அடியில் 71 இருக்கிறது. குறுக்குப் பக்கத்தில் சட்டமே இல்லாமல் இருந்தால் முழங்கால் தாராளமாக நுழையும். சட்டம் வைத்தால் நுழையாது. மூலைக்கால்கள் அந்தப் பக்கம் 76 அகலத்தைத் தருகின்றனவா என்றால், 97இல் இருபது போக 77. நூலிழையில் தப்பும், சக்கரத்தைத் தள்ளுகிற கை இடிக்கும்.

அதனால் மூலைக்கால் திட்டத்தையே விட்டுவிடச் சொல்கிறேன். நடுக்கோட்டில் இரண்டு தூண், ஒவ்வொன்றுக்கும் அடியில் குறுக்கே 75 செ.மீ. பாதக்கட்டை, மேலே பலகையைத் தாங்கும் குறுக்குக்கட்டை, இரண்டு தூணையும் சேர்த்து நீளவாட்டில் ஒரு சட்டம். குறுக்குப் பக்க விளிம்பிலிருந்து 45 செ.மீ. உள்ளே தூண்களை நிறுத்துங்கள். பாதக்கட்டை தரையோடு கிடப்பதால் சக்கர நாற்காலியின் கால்தாங்கி அதன் அருகே வந்து நிற்கும். மாமனார் உட்காரும் பக்கத் தூணை மட்டும் 48க்குத் தள்ளினால் இன்னும் நல்லது. பக்கங்களில் உட்காருகிறவர்களுக்கும் மூலையில் கால் இடிக்காது, கூட்டம் வந்தால் நெருக்கி உட்காரலாம்.

கவிழுமா என்று உடனே கேள்வி வரும், வர வேண்டும். முதியவர்கள் எழும்போது மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேசை மொத்தம் 55 கிலோ என்று வைத்துக்கொண்டால், தூண் 45 செ.மீ. உள்ளே இருக்கும்போது விளிம்பில் 50 கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் மறுபக்கம் தூக்கும். கை ஊன்றி எழுகிறவர் அவ்வளவு அழுத்தமாட்டார். ஆனால் வளர்ந்த ஆள் ஒருவர் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் கவிழும். பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து தொங்கினாலும் ஆபத்துதான். அதைச் சொல்லி வையுங்கள்.

சக்கர நாற்காலியின் கைப்பிடி 73, 75 உயரத்தில் இருக்கும், அது பலகைக்கு அடியில் போகாது. முன்பாதி தாழ்ந்த கைப்பிடி உள்ள நாற்காலிகளும் இருக்கின்றன. மாமனாருடையது எது என்று பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 25

மரத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்: பழைய ஒட்டுப்பலகையோ கதவோ ஒன்றை எடுத்து, சாயத் தகரங்களை அடுக்கி, 74 உயரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் அதில் சாப்பிடுங்கள். அம்மாவை உட்காரவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாமனாரையும். ரசம் கட்டாயம் இருக்கட்டும்.

2024 செப்டம்பர் 1

தம்பி செய்து பார்த்துவிட்டார். பாராட்டுகிறேன், பலர் இதைச் செய்யமாட்டார்கள். மாமனார் முன்பாதி தாழ்ந்த கைப்பிடி நாற்காலிதான் வைத்திருக்கிறாராம், சிக்கலில்லாமல் உள்ளே வந்தார். அம்மாவுக்குக் கால்பலகை போட்டும் பலகை சற்று உயரமாகத் தோன்றுகிறதாம்.

அப்படியானால் 74ஐ 73 ஆக்கிவிடலாம். இருக்கைக்கும் பலகைக்கும் நடுவே 29 வரும், மற்றவர்களுக்கும் கெடுதலில்லை. அடியில் 70 மிஞ்சும், சக்கர நாற்காலிக்கு அது போதும். அதற்கும் கீழே போக வேண்டாம். அம்மாவின் நாற்காலியில் மட்டும் இரண்டு செ.மீ. கெட்டி மெத்தை போட்டு, கால்பலகையையும் அதே அளவு உயர்த்துங்கள்.

2024 செப்டம்பர் 8

இப்போது மரம். செங்கால் மரம் படகுக்கும் பாலத்துக்கும் போகிற மரம். மழையில் கிடந்தாலும் பல ஆண்டு தாங்கும். வீட்டுக்குள் சோறு சாப்பிட அவ்வளவு வலிமை எதற்கு? கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். ஆறடிப் பலகை மட்டுமே ஐம்பது கிலோ வரும், உளியும் சீக்கிரம் மழுங்கும். மெராந்தி இலகு, இழைக்க எளிது. வகைக்கு வகை தரம் மாறும், பார்த்து எடுக்க வேண்டும். மெர்பாவ் அழகுதான், ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் கசியும். தினமும் ஈரத்துணியால் துடைக்கும் மேசைக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

என் தேர்வு பால்மரம், அதாவது ரப்பர் மரம். கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டி வரும், பலகை 33 கிலோவுக்குள் முடியும். வெளிர்நிறம், பசை நன்றாகப் பிடிக்கும். துண்டுகளை ஒட்டி இணைத்த அகலப் பலகையாகவே கடைகளில் கிடைக்கிறது. பூச்சியும், பூஞ்சையால் வரும் நீலக்கறையும் இந்த மரத்துக்குப் பகை. போரான் மருந்தில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள்.

1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. அதற்குப் பின் வந்த தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள். என் அப்பாவும் வெட்டினார். இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் வற்றியதும் அந்தக் காலத்தில் மரத்தைச் சாய்த்து விறகாக்கிவிடுவார்கள். ரப்பர் தகடு காயவைக்கும் புகைவீட்டு அடுப்பிலும் அதுதான் எரியும். அதே மரத்தை இன்று நாற்காலி மேசையாக உலகமெங்கும் அனுப்புகிறது மலேசியா. அப்பா விடியுமுன் தலைவிளக்கோடு போய் வெட்டிய மரம் எங்கள் வீட்டில் சோறு பரிமாறும் பலகையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆசை இருந்தது. இப்போது எங்கள் மேசை பால்மரம்தான்.

2024 செப்டம்பர் 9

பிறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: தோட்டத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு மேசை எதற்கு?

லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், நாங்களும் தரையில்தான் சாப்பிட்டோம். சம்மணமிட்டால் இலை கீழே இருக்கும், முழங்கை தாராளமாக இறங்கும். கை எவ்வளவு தாழ்ந்து நிற்க விரும்புகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் முழங்கால் தேய்ந்த பிறகு தரையிலிருந்து எழுவது தண்டனை. ஆளில்லாமல் எழ முடியாது என்பதற்காகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் மேசை.

சம்மணம் விட்டுப்போகாதவர்கள் நாற்காலியிலும் ஒரு காலை மடித்து வைப்பார்கள். அவர்களுக்குக் கைப்பிடி இல்லாத, 45 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள இருக்கை கொடுங்கள்.

2024 செப்டம்பர் 15

ஆயர் ஈத்தாம் வாசகி: ஜார்ஜ் டவுன் கோப்பிக்கடைகளில் இருப்பதுபோல் வட்டமேசை செய்தால் இடம் மிச்சமாகாதா?

வட்டத்தில் மூலை இல்லை, எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கலாம், பேச்சுக்கு அதைப்போல் வேறில்லை. நான்கடி விட்டம் என்றால் சுற்றளவு 383 செ.மீ., ஆறு பேருக்கு ஆளுக்கு 64. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இலை நீள்சதுரம். விளிம்பிலிருந்து 28 செ.மீ. உள்ளே போனால் சுற்றளவு 207 ஆகச் சுருங்கிவிடும், ஆளுக்கு 34. இலைகளின் மேல்மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஊறுகாயும் கூட்டும் பக்கத்து இலைக்குப் போகும். கோப்பியும் ரொட்டியும் என்றால் வட்டம் செய்யுங்கள், அக்கா. இலைச் சாப்பாட்டுக்கு நீளமேசைதான். நான்கு பேருக்கு மட்டும் என்றால் நான்கடி வட்டத்தில் இலையும் போடலாம்.

2024 செப்டம்பர் 22

பலகையை மேல் குறுக்குக்கட்டையோடு பசை போட்டு ஒட்டிவிடலாமா என்று தம்பி கேட்கிறார். கூடாது. மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில் அசையும். பினாங்கு ஈரக்காற்றில் ஊதி, குளிர்சாதனம் போட்ட அறையில் சுருங்கும். 97 செ.மீ. பலகை ஐந்து முதல் எட்டு மி.மீ. வரை மாறலாம். இறுக்கி ஒட்டினால் எங்காவது வெடிக்கும். மேல் குறுக்குக்கட்டையின் நடுவில் வட்டத் துளை, இரண்டு ஓரத்திலும் நீள்துளை போட்டுத் திருகுங்கள். திருகு அந்த நீள்துளையில் நகர்ந்துகொள்ளும்.

பாதக்கட்டையின் அடிப்பகுதியிலும் வெட்டுமுனைகளிலும் வார்னிஷை மூன்று நான்கு முறை ஊறவிட்டுப் பூசுங்கள். தரை துடைக்கும் தண்ணீரை வெட்டுமுனை உறிஞ்சிக் குடிக்கும். அடியில் ரப்பர் வில்லையும் ஒட்டுங்கள். அதன் தடிமனை 73இல் சேர்த்துக் கணக்கிட மறக்க வேண்டாம்.

2024 அக்டோபர் 6

விளிம்பு. மேல்விளிம்பை ஐந்து மி.மீ. அளவுக்கு வளைத்து இழையுங்கள், முன்கை பதிகிற இடம் அது. கீழ்விளிம்பையும் வளையுங்கள், சக்கர நாற்காலியில் வருகிறவரின் முழங்கால் முதலில் அதைத்தான் சந்திக்கும். உப்புத்தாள் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய முனை கைக்குத் தப்பாது.

பூச்சுக்குப் பாலியூரித்தேன், பளபளப்பு இல்லாத வகை. பளபளப்பில் ஈர இலை வழுக்கும், விளக்கு வெளிச்சமும் கண்ணில் அடிக்கும். எண்ணெய்ப் பூச்சு தொட இனிமை, ஆனால் மஞ்சளும் புளியும் விழும் வீட்டில் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் கறை படிந்துவிட்டால் சுரண்டாதீர்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் தானே வெளுக்கும்.

2024 அக்டோபர் 8

நாற்காலிக்குப் பதில் பெஞ்சு போடலாமா என்று கேட்டவருக்கு: ஒரு பக்கம் மட்டும், பிள்ளைகளுக்கு. முதுகுச் சாய்வு இல்லாததில் பெரியவர்களைக் கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள். நடுவில் இருப்பவர் எழ வேண்டுமென்றால் ஓரத்தில் இருப்பவரும் எழ வேண்டும்.

2024 நவம்பர் 3

தீபாவளிக்கு முந்திய வாரமே தம்பி மேசையை முடித்துவிட்டார். 31ஆம் தேதி திறந்த இல்ல உபசரிப்பில் அதில்தான் எல்லோரும் சாப்பிட்டார்களாம். மாமனார் குறுக்குப் பக்கத்தில், மேசைக்குள் முழுதாக வந்து உட்கார்ந்து, மடியில் தட்டு வைக்காமல் சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறார். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

குறை ஒன்று இருக்கிறதாம்: சாப்பிடும்போது பலகை இலேசாகப் பக்கவாட்டில் ஆடுகிறது. தூணும் பாதக்கட்டையும் சேரும் இடத்தில் முளை சுருங்கியிருக்கும், புது மரத்தில் நடப்பதுதான். முளையின் முனையில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, கெட்டி மரத்தில் மெல்லிய ஆப்பு சீவி, பசை தடவி அடித்து இறக்குங்கள். ஆப்பின் அகலம் துளையிலுள்ள மர நார்களுக்குக் குறுக்கே வர வேண்டும், இல்லாவிட்டால் கட்டை பிளந்துவிடும். அடிக்கும்போது மேசையைக் கவிழ்த்துப் போட்டு அடியுங்கள். பசை காய ஒரு நாள் விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு மறுபடி பயன்படுத்தலாம்.